ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டயர்: தேய்மானத்துக்கு முன்னால் வயதைப் பாருங்கள்

ஒரு சின்னக் கணக்கில் தொடங்குகிறேன். காரின் எடை 1500 கிலோ, நான்கு சக்கரங்களும் அதைச் சமமாகச் சுமக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 375 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 2.3 பார். சுமையை அழுத்தத்தால் வகுத்துப் பார்த்தால் அந்த டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 160 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களோடு சேர்த்து ஒரு கையின் அளவு. நான்கு டயர்களையும் கூட்டினால் ஒரு ஏ4 தாள். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் உண்மையான அளவு சற்று மாறும். ஆனால் கணக்கு அதிகம் தப்பாது.

எஞ்சினின் மொத்த வலுவும் இந்த ஒரு தாளின் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. பிரேக் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர். வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பதும் டயர்தான். அதனால் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் வேறு எந்தப் பாகத்துக்குச் செலவழிப்பதற்கு முன்னாலும் டயரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

புரிந்துகொள்ளும்போது முதலில் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது.

தேயாமலே கிழடாகும் டயர்

தினமும் ஓடும் காரில் டயர் தேய்ந்து முடிகிறது. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் துணி போர்த்தி நிற்கும். அதன் டயர் தேயாமலே முதுமை அடைகிறது. வரிப்பள்ளங்கள் ஆழமாக இருக்கும், ஓரங்கள் கூர்மையாக இருக்கும், பார்க்கிறவர் புதுசு என்றே சொல்வார். ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும்.

இயற்கை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து நொறுங்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோதுதான் இரண்டையும் தாங்கும் ரப்பர் கிடைத்தது. நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் பாலங்கள் போடுகிறது; பாலங்கள் அளவோடு இருந்தால் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். டயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் வெப்பமும் ஆக்சிஜனும் அதே வேலையை மெல்ல மெல்லத் தொடர்கின்றன. பாலங்கள் கூடக் கூட ரப்பர் விறைக்கிறது. விறைத்த ரப்பரால் சாலைக் கற்களின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பற்ற முடியாது. ஈரமான சாலையில் இந்தக் குறை முதலில் தெரியும்.

காற்றில் உள்ள ஓசோன் இன்னொரு எதிரி. அது மேற்பரப்பில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். அதைத் தடுக்கவே டயர்க் கலவையில் மெழுகையும் ஓசோன் தடுப்பு வேதிப்பொருளையும் சேர்க்கிறார்கள். டயர் உருளும்போது நெளிகிறது. நெளியும்போது அந்தப் பொருள்கள் உள்ளிருந்து கசிந்து வெளிப்புறத்தில் படிகின்றன. பக்கச்சுவரில் சில நேரம் தெரியும் பழுப்புப் படலம் அதுதான். அழுக்கென்று நினைத்து அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது டயர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கவசம். ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தக் கவசம் சரியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே காரைப் பொத்திப் பொத்தி வைப்பது டயருக்கு நன்மை இல்லை.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் நடந்த விபத்தில் நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தார்கள். கார் போர்ஷே கரேரா ஜிடி. அளவுமீறிய வேகமே காரணம் என்று புலனாய்வு முடிவு செய்தது. அதை மறைத்துவிட்டு டயர் மேல் பழி போடுவது நேர்மையல்ல. ஆனால் அந்த டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும், அந்த வயது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அதே புலனாய்வு பதிவு செய்தது. அவ்வளவு வலுவுள்ள ஒரு காரில், அதிகம் ஓடாத ஒரு காரில், டயரின் பிறந்த ஆண்டை யார்தான் நினைத்துப் பார்ப்பார்கள்? நினைத்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதும் எளிது. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதில் காரை நகர்த்தக்கூட யோசிக்க வேண்டும். முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். வெளிப்பக்கம் தேதி தெரியவில்லை என்றால் கீழே குனிந்து உள்பக்கம் பாருங்கள்.

எத்தனை ஆண்டு போகலாம்? ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டைத் தாண்டவே கூடாது என்று சொல்லும் டயர் நிறுவனங்களும் உண்டு. வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கிய காரில் ஆறு ஆண்டுக் கணக்கைத்தான் நான் பின்பற்றுவேன். புது டயர் வாங்கும்போதும் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தேதியைப் படித்துப் பாருங்கள். ஏற்றிய பிறகு பேசிப் பயனில்லை. நிழலான இடத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஒரு வயது டயரில் குறை ஒன்றும் இல்லை. மூன்று, நான்கு ஆண்டு கிடங்கில் கிடந்ததைப் புதுசு என்று வாங்க வேண்டாம்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது என்ன

245/40 இசட்ஆர் 18 97 ஒய். பக்கச்சுவரில் இப்படி ஒன்றைக் காணலாம்.

245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம். மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 40 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர். இசட் என்பது அதிவேக டயர் என்பதையும், ஆர் என்பது ரேடியல், அதாவது உள்நூல்கள் குறுக்காக ஓடும் டயர் என்பதையும் குறிக்கும். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியீட்டில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்திருப்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பு.

இவற்றைக் கொண்டு டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடலாம். 18 அங்குலம் என்பது 457.2 மில்லிமீட்டர், மேலும் கீழும் பக்கச்சுவர் 98, 98, மொத்தம் 653.2. இந்த எண் முக்கியம். அதே ரிம்மில் 245/35 போட்டால் விட்டம் 628.7 ஆகக் குறையும், கிட்டத்தட்ட நான்கு சதவீதம். வேகமானி உண்மையைவிட அதிகம் காட்டும், வழுக்கலைக் கணிக்கும் மின்னணுக் கருவிகளின் கணக்கும் விலகும். 19 அங்குல ரிம்முக்கு மாற விரும்புகிறவர் 245/35 வாங்கினால் விட்டம் 654.1, பழையதோடு ஒத்துப்போகும். பெரிய ரிம் அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் எடை கூடியது, பக்கச்சுவர் குட்டையாவதால் சாலைக் குழியில் ரிம் நெளியும் வாய்ப்பும் கூடும். கார் நிறுவனம் கொடுத்த அளவை விட்டு விலக எனக்குக் காரணம் தெரியவில்லை.

97 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 730 கிலோ வரை தாங்கும். ஒய் என்பது வேகக் குறியீடு. வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270, ஒய் 300; ஒய் அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300க்கும் மேல். ‘நான் 300இல் போகப்போவதில்லையே’ என்று கேட்கலாம். வேகக் குறியீடு உயரும்போது டயரின் உள்கட்டும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் உயர்கின்றன; காரின் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் அத்தகைய விறைப்பான டயரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கும். சுமைக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறக்காதீர்கள்.

இன்னும் ஒரு குறி உண்டு, பலர் கவனிக்காதது. போர்ஷேவுக்காகச் சீரமைத்த டயரில் என் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. கடையில் ஒரே பெயரில், ஒரே அளவில் கிடைக்கும் இரண்டு டயர்களில் ஒன்றில் இந்தக் குறி இருந்தால் அதன் கலவையோ உள்கட்டோ வேறாக இருக்கக்கூடும். குறியுள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்னால் குறியுள்ளது, பின்னால் குறியில்லாதது என்று கலக்காதீர்கள்.

எந்த வகை

இந்த இடத்தில்தான் ஆசை அறிவை முந்துகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் டயர்களை அவற்றின் ரப்பர் வேலை செய்யும் வெப்பநிலையை வைத்துப் பிரித்துப் பார்ப்பதே தெளிவான வழி. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற கோடை டயர்கள் சாதாரணச் சாலை வெப்பத்தில் உலர்ந்த தரையிலும் மழையிலும் மிக நன்றாகப் பற்றும். வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது அவை இறுகத் தொடங்கும். பனியில் அவற்றை நம்பவே கூடாது. கடுங்குளிரில் நிறுத்தி வைத்து அப்படியே எடுத்து ஓட்டினால் பட்டனில் விரிசல் விழும் அபாயமும் உண்டு. ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வகைகள் குளிரில் நெகிழ்ச்சியோடு இருக்கும், அதற்கு ஈடாக வெப்பத்தில் கூர்மையை இழக்கும். பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர் போன்றவை பந்தயத் தடத்துக்காகப் பிறந்தவை. நன்றாகச் சூடேறிய பிறகுதான் அவற்றின் முழு வலிமை தெரியும். வரிப்பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய நீரில் அவை சீக்கிரமே மிதக்கும்.

தடத்தில் வெல்லும் டயர் சாலையிலும் சிறந்ததாக இருக்கும் என்று நினைப்பது தவறு. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் வளைவைத் திரும்பும்போது தட டயர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த நிமிடத்தில் நல்ல கோடை டயர் அதைவிடப் பாதுகாப்பானது. தடத்துக்குப் போகும் நாள்கள் ஆண்டில் இரண்டோ மூன்றோ என்றால் தட டயரை வாங்காதீர்கள். அடிக்கடி போகிறவர் அதற்கென்று தனி ரிம் செட் வைத்துக்கொள்வதே சரி.

தேய்மான எண் என்று ஒன்றைப் பக்கச்சுவரில் காணலாம். அமெரிக்க விதிப்படி பொறிக்கப்படுவது. 100 என்பது அடிப்படை; 200 என்றால் சோதனையில் அடிப்படை டயரைப்போல் இருமடங்கு உழைத்தது என்று பொருள். சோதனையை நடத்தி எண்ணைத் தருவது அந்தந்த நிறுவனமே என்பதால், ஒரு நிறுவனத்தின் 300ஐ மற்றொரு நிறுவனத்தின் 300ஓடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். பொதுவாக எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு.

இரண்டா, நான்கா

ஒற்றை டயரை மட்டும் மாற்றுவது ஸ்போர்ட்ஸ் காரில் கூடாது. ஒரே அச்சில் இரு பக்கமும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒத்த தேய்மானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலுவாகப் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

நான்கு சக்கரங்களுக்கும் வலு போகும் கார் என்றால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். தேய்ந்த டயரின் விட்டம் குறைவு, அதனால் அது வேகமாகச் சுழலும். முன்னுக்கும் பின்னுக்கும் அந்த வேறுபாடு இருந்துகொண்டே இருந்தால் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ ஓயாமல் அதை ஈடுகட்டிச் சூடாகிப் பழுதாகும். எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடு வரை தாங்கும் என்பதைக் காரின் கையேடு சொல்லும். சந்தேகமாக இருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

நான்கும் ஒரே அளவுள்ள காரில் இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரத்துக்கு வலு போகும் காரிலும் அப்படித்தான். மழையில் முன்டயர் பிடி நழுவினால் கார் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின்டயர் நழுவினால் கார் சுழலும், அதை மீட்பது பழகாதவர் கையில் இல்லை. பின்டயர் முன்டயரைவிட அகலமாக உள்ள கார்களில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை; அவற்றில் முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடவும் முடியாது, பின்டயர்கள் முதலில் தேயும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிம்மில் ஏற்றுவது

நல்ல டயரை வாங்கிக் கவனக்குறைவான கையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் ரிம், சென்சார், டயர் மூன்றுமே கெடும். குட்டையான, விறைப்பான பக்கச்சுவரை ரிம்மின் விளிம்புக்கு மேல் தூக்கிப் போடுவது சாதாரண டயரை ஏற்றுவதுபோல் அல்ல. இரும்பு நெம்புகோலால் நெம்பினால் ரிம்மில் கீறல் விழும். பீடு எனப்படும் உள்விளிம்பு கிழிந்தால் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நெம்புகோல் இல்லாமல் ஏற்றும் இயந்திரம் உள்ள இடத்தைத் தேடிப் போங்கள். அங்கே போனதும், வேலை தொடங்குவதற்கு முன்பே, சக்கரத்துக்குள் காற்றழுத்தச் சென்சார் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அது பெரும்பாலும் வால்வுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பீடை அழுத்தி விடுவிப்பவர் அதை நொறுக்கிவிடுவார். சென்சாரைக் கழற்றும்போதே அதன் ரப்பர் வளையத்தையும் வால்வின் உள்ளூசியையும் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது.

பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் டயர் சுழல வேண்டும். ‘வெளிப்பக்கம்’ என்று பொருள்படும் சொல் பொறித்திருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். கார் வெளியே வருவதற்கு முன் நான்கு சக்கரங்களையும் நீங்களே சுற்றிப் பாருங்கள். மாற்றிப் போட்ட டயர் மழையில் நீரைச் சரியாக வெளியேற்றாது.

புது டயரில் வண்ணப் புள்ளிகள் இருக்கலாம். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் சமநிலைக்குக் குறைந்த ஈயமோ துத்தநாகமோ போதும். சிவப்புப் புள்ளி, டயர் உருளும்போது மிக அதிகமாக உந்தும் இடம். ரிம்மின் தாழ்ந்த இடத்தில் குறி இருந்தால் அதற்கு நேராக வைப்பார்கள். வீல் பேலன்சிங் செய்த பிறகும் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், உருளை ஒன்றை டயர் மேல் அழுத்தி அளக்கும் இயந்திரத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். சாதாரண இயந்திரம் எடையைத்தான் பார்க்கும். சுமை ஏறும்போது டயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இதுதான் காட்டும்.

சக்கரத்தைக் காரில் பொருத்தும் கட்டத்தில் மூன்று விஷயங்களில் நான் பிடிவாதமாக இருப்பேன். முதலாவது, ஜாக்கி வைக்கும் இடம். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. குறித்த இடம் தவிர வேறெங்கு வைத்தாலும் அடித்தட்டு நசுங்கும். இரண்டாவது, சக்கரம் பொருந்தும் மையமான ஹப்பின் முகத்தில் துருவும் தூசியும் இல்லாமல் துடைப்பது. சிறு துகள் மாட்டினாலும் சக்கரம் கோணலாக உட்காரும், எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது. மூன்றாவது, போல்ட்டுகளைக் கையால் பிடித்து முடுக்கிய பிறகு, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குவது. காற்றுத் துப்பாக்கியால் கண்மூடித்தனமாக இறுக்கினால் போல்ட் நீளும், பிரேக் தட்டு நெளியும். இறுக்க அளவு கையேட்டில் இருக்கும். ஒற்றை மைய நட்டு உள்ள சில போர்ஷே கார்களில் அது 600 நியூட்டன் மீட்டர். அதை வீட்டில் செய்ய முயலாதீர்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இறுக்கத்தை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ஓரத்தைக் குனிந்து பாருங்கள்

பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான் வாங்கியபோது பின்டயர்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. வெளியே நின்று பார்த்தால் பாதிக்கு மேல் பட்டன் இருந்தது. சில வாரம் கழித்து வேறு வேலைக்காகக் காரை மேலே தூக்கியபோது, உள்ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. இரும்புக் கம்பி தெரிந்தது. அந்த டயரில் நெடுஞ்சாலையில் போயிருந்தேன். அன்று முதல் மாதம் ஒருமுறை குனிந்து, டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வருவதில்லை.

இது ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய நோய். வளைவில் டயர் முழுதாகத் தரையில் படிய வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கிச் சாய்த்திருப்பார்கள்; கேம்பர் என்பது அதுதான். நேராகப் போகும்போது அந்தச் சாய்வு உள்ஓரத்தின் மேல் பாரத்தை ஏற்றுகிறது. ஆனால் சாய்வு மட்டுமே இவ்வளவு வேகமாகத் தின்னாது. இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் கோணமான டோ கொஞ்சம் பிசகினாலும் டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் தரையில் சற்றே இழுபடுகிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே போய்விடும். அதனால் புது டயர் போட்ட அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள். அளந்த எண்களைத் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரைத் தடவினால் அது தன் கதையைச் சொல்லும். இரு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம்போலவும் இருந்தால் டோ பிசகியிருக்கிறது.

வரிப்பள்ளத்தின் ஆழம் புதிதில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6, பள்ளத்தின் அடியில் உள்ள குறுக்கு மேடுகள் பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. மழைக்காக நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். அகலமான டயர் தண்ணீரை வெளியே தள்ளச் சிரமப்படும், அதனால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது.

ஓட்டும்போதும் நிறுத்தும்போதும்

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். தொழிற்சாலை வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய பொருளின் எச்சம் அதில் இருக்கலாம். பட்டன்களும் இன்னும் படியவில்லை. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். குறிப்பாக டயர்க் கடையின் வாசலைத் தாண்டிய முதல் மழை வளைவில்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, சில மணி நேரம் கார் நின்ற பிறகு, பாருங்கள். கதவின் தூணில் ஒட்டிய தாளில் உள்ள எண்தான் சரி. பக்கச்சுவரில் இருப்பது டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம், அதை அளவாகக் கொள்ளக் கூடாது. வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவு மாறும். ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அது குறைந்து நிற்கும். எதுவும் பழுதாகாமலே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது இயல்பு. நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது என்ற சிறு நன்மை தவிர, சாலையில் ஓட்டுகிறவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. மாதம் இருமுறை நல்ல அளவுமானியால் பார்ப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

பஞ்சர் ஆனால், துளை பட்டனின் நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே சரிசெய்யலாம். டயரைக் கழற்றி, உள்ளிருந்து தண்டும் ஒட்டும் சேர்ந்த அடைப்பைப் போட வேண்டும். வெளியிலிருந்து குத்தி அடைப்பது கடைக்குப் போய்ச் சேர்வதற்கான வழி மட்டும். பக்கச்சுவரிலோ, அதுவும் பட்டனும் சேரும் தோள்பட்டையிலோ துளை விழுந்தால் அந்த டயருக்கு வைத்தியம் இல்லை. பக்கச்சுவரில் கொப்புளம்போல் வீங்கியிருந்தால் உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன, அன்றே மாற்றுங்கள். காற்றில்லாமலும் ஓடும் ரன்ஃபிளாட் வகையில்கூடப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம்தான் போகலாம். அதற்கு மேல் அந்தப் பக்கச்சுவரை நம்ப முடியாது.

பளபளப்புக்காகப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவாதீர்கள். மேலே சொன்ன கவசத்தை அது கரைத்துவிடும். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும்.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கார் நிற்கும் இடம் வெயில் படாததாகவும், ஓசோனைக் கிளப்பும் மின்மோட்டார்கள் அருகில் இல்லாததாகவும் இருக்கட்டும். காற்றழுத்தத்தைக் கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். எடுக்கும் நாளில் மறக்காமல் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் அமுங்கி நின்ற டயரில் தட்டையான பகுதி உண்டாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, டயர் கைக்குச் சூடாகத் தெரியும் வரை ஓட்டி வந்தால் அதுவும் குறையும், மெழுகுக் கவசமும் புதுப்பிக்கப்படும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் சில கிலோமீட்டர் கார் தடதடக்கலாம். டயர் சூடேறச் சூடேற, இருபது முப்பது நிமிடத்தில் அது அடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்து, சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள்.